சண்முகக்கனி என்றிருந்தால் பிலோமினா என்று வாசிக்கவும்

1

இந்த நாட்டில் நிரந்தரமாகத் தங்க அனுமதி கேட்டு நான் நிரப்பிய விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது. பதினாறு வயதுக்குப் பிறகு நீங்கள் உறுப்பினராக இருந்த கட்சிகள், சங்கங்கள், அமைப்புகள் எல்லாவற்றையும் எழுதவும். ஆஸ்பத்திரி லேபில் என்னோடு வேலை செய்கிறவர்கள், "எதுவும் இல்லைன்னு போட்டுடு, தலைவலி விட்டது" என்றார்கள். ஆனால் கேள்விக்குக் கீழே, மறைத்தால் இன்னின்ன தண்டனை என்றும் பொடி எழுத்தில் போட்டிருந்தது. நான் கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள். பொடி எழுத்துக்குப் பயப்படுவேன். யோசித்து இரண்டு எழுதினேன். சாந்தோம் கோயில் பாடகர் குழு. நீலக் கட்சி, மெட்ராஸ்.

நேர்காணலில் அந்த இரண்டாவதில் விரலை வைத்தார் அதிகாரி. மெலிந்த, சிரிக்காத மனிதர்.

"இது என்ன கட்சி?"

"காலேஜ் கட்சி, சார். மாணவிகள் மட்டும்."

"நோக்கம்?"

"மத்தியானம் சாப்பிட ஓர் அறை வேண்டும் என்பது."

அதை அப்படியே எழுதிக்கொண்டார். "நீங்கள் என்ன பொறுப்பில் இருந்தீர்கள்?"

"முதலில் செயலாளர் பதவிக்கு வேட்பாளர். பிறகு எங்கள் தலைவர் வேட்பாளர் விலகிவிட்டாள். அவளுக்குப் பதிலாக என்னை நிறுத்தினார்கள்."

அவர் பேனா நின்றுவிட்டது. காரணம் இருந்தது. உங்களுக்கும் அங்கே பேப்பரில் வந்திருக்கும். இந்தக் கோடையில் இங்கே ஒரு பெரிய கட்சி மாநாடு கூட்டி, அதிபருக்கும் துணை அதிபருக்கும் வேட்பாளர்களை அறிவித்து, பலூனெல்லாம் பறக்கவிட்டு முடித்தது. மூன்று வாரம் ஆவதற்குள் துணை அதிபர் வேட்பாளர் விலகிக்கொண்டார். டீக்கடை இல்லாத ஊர் இது. ஆனாலும் முடிவெட்டுகிற கடையிலும் பஸ்ஸிலும் இதே பேச்சுதான்.

"விலகினால் எப்படி மாற்றினீர்கள்?" என்று கேட்டார் அதிகாரி. இந்தக் கேள்வி விண்ணப்பத்தில் இல்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்.

அவருக்குப் பத்து நிமிஷத்தில் சொன்னதை உங்களுக்குக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

2

அதற்கு முன்னால் இங்கே என்ன வழக்கம் என்று சொல்லிவிட வேண்டும். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரி டாரதி அம்மாள். அவர் அதே கட்சியின் வட்டாரக் குழுவில் இருக்கிறார். டெலிவிஷனில் சேதி வந்த அன்று சமையலறையில் நின்றபடியே, "போச்சு, ஐந்நூறு நோட்டீஸ் அடித்து வைத்திருக்கிறேன்" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

"துணை வேட்பாளர் போகட்டும், அதிபர் வேட்பாளரே விலகினால்?" என்று கேட்டேன்.

அவர் விளக்கினார். மாநாட்டுக்கு முன்னால் விலகினால், அவருக்கென்று வாக்குறுதி கொடுத்து வந்த பிரதிநிதிகள் தாங்கள் விரும்பியவருக்கு ஓட்டுப் போடலாம். மாநாடே புதிய ஆளைத் தேர்ந்தெடுத்துவிடும். மாநாடு முடிந்தபின் விலகினால் அத்தனை ஆயிரம் பேரைத் திரும்பக் கூட்ட முடியாது. கட்சியின் தேசியக் குழு கூடும். ஒவ்வொரு மாநிலத்துக்கும் மாநாட்டில் எத்தனை ஓட்டோ, குழுவிலும் அத்தனை ஓட்டு. பாதிக்கு மேல் வாங்குகிறவர் வேட்பாளர். துணை வேட்பாளர் தானாக ஒரு படி ஏறிவிட மாட்டார். அவரும் ஓட்டு வாங்கித்தான் ஆகவேண்டும்.

"வாக்குச்சீட்டு அச்சடித்த பிறகு விலகினால்?"

"அங்கேதான் ரகளை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு கெடு, ஒரு சட்டம். சில இடத்தில் பழைய பெயரே சீட்டில் நிற்கும். ஜனங்கள் பழைய பெயருக்குப் போட்டாலும் அது கட்சிக்குப் போட்டதுதான்."

நான் சிரித்தேன். "அது எங்கள் காலேஜில் நடந்தது. நான் தேர்தலில் நின்றபோது."

"நின்றாயா? எங்கே நின்றாய்?"

இங்கத்து இங்கிலீஷில் யாரும் தேர்தலில் நிற்பதில்லை. ஓடுகிறார்கள். வந்து ஒரு வருஷமாகியும் எனக்கு அது வாயில் வரமாட்டேன் என்கிறது.

3

அறுபதுகளின் கடைசி. மயிலாப்பூரை ஒட்டிய ஒரு பெண்கள் கல்லூரியில் நான் விலங்கியல் இரண்டாம் ஆண்டு. எங்கள் வீடு சாந்தோம் கடற்கரைக் குப்பத்தில். அப்பா கட்டுமரத்தில் போகிறவர். அம்மா மந்தைவெளிப் பக்கம் தெருத்தெருவாக மீன் விற்கிறவள். குப்பத்திலிருந்து காலேஜ் போன முதல் பெண் நான் என்பதால் அம்மா தினமும் தவறாமல் நல்ல துண்டாகப் பார்த்துக் குழம்பு வைத்துக் கொடுத்தனுப்புவாள்.

அதுதான் பிரச்சினை. ஹாஸ்டல் பெண்களுக்குச் சாப்பாட்டுக் கூடம் உண்டு. பஸ்ஸில் வருகிற எங்களுக்கு மரத்தடி. அதிலும் மீனும் கறியும் கொண்டுவருகிறவர்கள் சைக்கிள் ஷெட் பக்கம் போய்விட வேண்டும். யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. மரத்தடியில் டப்பாவைத் திறந்தால் நாலு பேர் எழுந்து போவார்கள், அவ்வளவுதான். மழை வந்தால் ஷெட் ஒழுகும். சைக்கிள் சீட்டின் மேல் டப்பாவை வைத்துக்கொண்டு நின்றே சாப்பிடுவோம்.

அந்த ஷெட்டில்தான் நீலக் கட்சி பிறந்தது. ஆரம்பித்தவள் சண்முகக்கனி, தமிழ் இலக்கியம். தி. நகரில் பனகல் பார்க் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக் குடும்பம். ஐந்தடி கூட இருக்க மாட்டாள். பேசினால் கடைசி பெஞ்சு வரை கேட்கும். இன்னொருத்தி வைதேகி. மயிலாப்பூர் மாடவீதி, என் வகுப்பு. தயிர்சாதத்தைத் தூக்கிக்கொண்டு எங்களோடு ஷெட்டுக்கு வந்துவிடுவாள். "மரத்தடியில உக்காந்துண்டா பரீட்சை பேச்சுதான். இங்கதான் சுவாரஸ்யமா இருக்கு" என்பாள்.

தலைவருக்குக் கனி, துணைத் தலைவருக்கு வைதேகி, செயலாளருக்கு நான். எதிரே ஹாஸ்டல்காரர்களின் பச்சைக் கட்சி. தேர்தல் வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தின திங்கட்கிழமை காலையில், கனி தெருவிலிருந்து வரும் ஒரு முதலாண்டுப் பெண் ஒரு கடிதத்தை நீட்டினாள்.

"அன்புள்ள கட்சிக்கு, என்னால் தேர்தலில் நிற்க முடியாது. தயவுசெய்து காரணம் கேட்காதீர்கள். கனி."

அவ்வளவுதான். மத்தியானத்துக்குள் காலேஜ் முழுக்க மூன்று காரணங்கள் உலவின. கனிக்குத் திருநெல்வேலியில் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. கனி உள்தேர்வில் தோற்றுவிட்டாள். பச்சைக் கட்சி கனியை விலைக்கு வாங்கிவிட்டது.

4

தேர்தல் அதிகாரி டெய்சி மிஸ். அரசியல் பாடம் எடுப்பவர். யூனியன் விதிகளை மனப்பாடமாக வைத்திருப்பார். கடிதத்தைக் கண்ணாடியைத் தாழ்த்திக்கொண்டு பார்த்தார்.

"யார் இந்தக் கனி? என் ரெஜிஸ்டர்ல அப்படி யாரும் இல்லையே. பழக்கடைக் கடுதாசியா இது?"

"சண்முகக்கனி, மிஸ்."

"அப்ப முழுப் பேரும் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லு. அவ கைப்பட. அது முதல்ல. ரெண்டாவது, உங்க கட்சி வகுப்புப் பிரதிநிதிகள் பத்தொன்பது பேர்ல பதிமூணு பேராவது நேர்ல கூடணும். சீட்டுல எழுதி ஓட்டெடுக்கணும். மூணாவது, புது வேட்பாளர் சம்மதக் கடிதம். எல்லாம் புதன்கிழமை நாலு மணிக்குள்ள என் மேஜைக்கு வரணும். நாலு அஞ்சுக்கு வந்தா உங்க கட்சிக்குத் தலைவர் வேட்பாளரே கிடையாது."

அன்று சாயங்காலமே நானும் வைதேகியும் பஸ் ஏறினோம். கடையில் கனியின் அப்பா துணியை முழம் போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் ஒரு மாதிரி ஆகி, கண்ணை எடுக்காமல் துணியையே பார்த்தார். "வீட்டுக்குப் போங்க தாயி. அவளே சொல்லுவா."

கதவைத் திறந்த கனியின் கை ஈரமாக இருந்தது. புடவையை இடுப்பில் செருகியிருந்தாள். அடுப்பில் உலை கொதிக்கும் சத்தம்.

"கல்யாணமாடி?" என்றாள் வைதேகி எடுத்த எடுப்பில்.

"எனக்கா? கல்யாணமா?" கனி வாசல் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னாள். "எங்கம்மா முழுகாம இருக்கா."

வைதேகியின் பார்வை உள்ளறைப் பக்கம் போனது.

"நாலு மாசம். அம்மாவுக்கு நாப்பத்தொண்ணு வயசு. டாக்டரம்மா படுக்கையை விட்டு எந்திரிக்கவே கூடாதுன்னுட்டா. வீட்டுல நான்தானே மூத்தவ. நான் பாக்காம யாரு பாப்பா? அப்பா வெக்கப்பட்டுக்கிட்டு பக்கத்து வீட்டுக்காரங்க முகத்தைக்கூட பாக்க மாட்டேங்காரு. காலேஜுல தெரிஞ்சா எல்லாவளும் சிரிப்பாளுவ."

"எங்க குப்பத்துல எங்கம்மாவும் பெரியக்காவும் ஒரே வருஷத்துல பெத்தாங்க" என்றேன். "யாரும் சிரிக்கல. ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே பானையில பத்தியக் கொழம்பு வச்சாங்க."

கனி சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். உள்ளேயிருந்து அவள் அம்மாவின் குரல் வந்தது. "யாரு கனி? காப்பி போட்டுக் குடுட்டி. நிக்க வச்சே பேசுதியே."

காப்பி குடித்தோம். சண்முகக்கனி என்று முழுப் பெயரும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கொடுக்கும்போது தாளை உடனே விடவில்லை. "காரணத்தை யாருகிட்டயும் சொல்லப்படாது. சத்தியம்."

"சத்தியம்" என்றோம் இருவரும்.

5

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஷெட்டில் கூட்டம். பன்னிரண்டு பேர் வந்துவிட்டார்கள். பதிமூன்றாவது ஆள் இல்லை. வைதேகி ஓடிப்போய் வேதியியல் லேபிலிருந்து ஒரு பிரதிநிதியை ஏப்ரனோடு இழுத்துக்கொண்டு வந்தாள். "அஞ்சே நிமிஷம், என் டைட்ரேஷன் போயிடும்" என்று அந்தப் பெண் கத்திக்கொண்டே வந்தாள்.

எல்லோரும் வைதேகிதான் என்று நினைத்திருந்தோம். துணைத் தலைவர் வேட்பாளர் ஆயிற்றே. ஆனால் யாரோ என் பெயரையும் சொன்னார்கள். உடனே பொருளாதாரப் பிரதிநிதி ஒருத்தி, "தப்பா நினைச்சுக்காதே பிலோ, மீன்காரி பொண்ணு நின்னா ஹாஸ்டல் ஓட்டு ஒண்ணு கூட விழாது" என்றாள்.

"இப்ப மட்டும் கொட்டறதாக்கும்?" என்றாள் வைதேகி. "நோட்டைக் கிழி. எழுதிப் போடுங்கோ."

பதிமூன்று சீட்டு. நான் வைதேகி என்று எழுதினேன். எண்ணினார்கள். வைதேகி ஆறு. பிலோமினா ஏழு.

என் பெயர் எழுதிய சீட்டுகளில் ஒன்று சாய்ந்த கையெழுத்து. இரண்டு வருஷமாக வைதேகியின் நோட்டைப் பார்த்து எழுதியவள் நான். எனக்குத் தெரியாதா? அவள் தன் பெயரை எழுதியிருந்தால் அவள்தான் வேட்பாளர்.

"ஏன்டி இப்படிப் பண்ணினே?" என்றேன் தனியாக.

"நான் நின்னா, ரூம் குடுங்கோன்னு கேப்பேன். நீ நின்னா, ரூம் எதுக்குன்னு யாரும் கேக்கவே மாட்டா" என்றாள்.

அன்று மாலை அம்மா கடற்கரையில் உட்கார்ந்து காலிக் கூடையை மணல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"இன்னாமே, மூஞ்சிய தொங்கப் போட்டுகினு கீற?"

"காலேஜ் எலெக்ஷன்ல என்னை நிக்கச் சொல்றாங்கம்மா."

"நில்லேன்."

"மீன்காரி பொண்ணுன்னு பேசறாங்க."

அம்மா கூடையை உதறினாள். "மீன்காரி பொண்ணுதானே நீ? பின்ன இன்னா, கலெக்டர் பொண்ணா? நான் காலைலேர்ந்து நின்னுகினுதான் கீறேன், எவளும் எனக்கு ஒரு ஓட்டு போடல. உனக்குப் போடறேங்கறாளுங்க. போய் நில்லு."

புதன்கிழமை நாலு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது மூன்று தாள்களையும் டெய்சி மிஸ் மேஜையில் வைத்தேன். எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தார். சரியாக இருந்தது. பிறகு ஒரு பெருமூச்சு விட்டார்.

"ஒரு சங்கடம். மொழித்துறைக் கட்டடத்துக்கு உண்டான வாக்குச்சீட்டு நேத்தே சைக்ளோஸ்டைல் மெஷின்ல உருட்டியாச்சு. பழைய பேரோட. திரும்ப உருட்டக் காகிதம் இல்ல. மத்த கட்டடத்துக்குத்தான் உன் பேர் போட முடியும்."

"அப்ப மொழித்துறையில?"

"அதை நான் பாத்துக்கறேன்."

மறுநாள் காலை மொழித்துறைக் கட்டடத்தின் ஒவ்வொரு வகுப்புக் கரும்பலகையிலும் மிஸ்ஸின் முத்துமுத்தான எழுத்தில் ஒரு வரி இருந்தது. வாக்குச்சீட்டில் சண்முகக்கனி என்றிருந்தால் பிலோமினா என்று வாசிக்கவும். பாடம் நடத்த வந்த எந்த ஆசிரியரும் அதை அழிக்கக் கூடாது என்றும் பக்கத்தில் எழுதியிருந்தது.

6

வியாழக்கிழமை சாயங்காலம் பிரசாரக் கூட்டம். பெரிய ஹால். மேடையில் நான் பேச வேண்டிய மேஜையில் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. பிரித்தேன். கருவாடு. ஹாலின் ஒரு பக்கத்தில் கொல்லென்று சிரிப்பு.

நான் எழுதி வைத்திருந்த பேச்சு ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை. கையில் இருந்ததை முகர்ந்து பார்த்தேன். பழக்கம்.

"நெத்திலி" என்றேன் மைக்கில். "வாங்கினவங்க ஏமாந்துட்டீங்க. சரியாக் காயல. உப்பும் பத்தல. நாளைக்குள்ள புழு வெச்சிடும். அடுத்த தடவை எங்கம்மாகிட்ட வாங்குங்க, மந்தைவெளிக்குப் பத்து மணிக்கு வருவாங்க."

சிரிப்பு இந்தத் தடவை ஹால் முழுக்க வந்தது. அதற்கு அப்புறம் பேச்சு தானாக வந்தது. சைக்கிள் சீட்டின் மேல் டப்பா வைத்துச் சாப்பிடுவதைச் சொன்னேன். மழையில் குழம்பில் தண்ணீர் சொட்டுவதைச் சொன்னேன். கூரையும் பெஞ்சும் உள்ள ஓர் அறை, யார் எதைக் கொண்டுவந்தாலும் உட்காரலாம், அவ்வளவுதான் கேட்கிறோம் என்றேன்.

கடைசியில் பச்சைக் கட்சியிலிருந்து ஒருத்தி எழுந்தாள். "உங்க முதல் வேட்பாளர் ஏன் ஓடிப்போனாங்க? எங்க கட்சி விலைக்கு வாங்கிட்டதாச் சொல்றீங்களாமே?"

ஒரு வார்த்தை சொன்னால் எல்லா வதந்தியும் அடங்கிவிடும். முன்வரிசையில் வைதேகி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரும் வாங்கல, யாரும் ஓடல" என்றேன். "எலெக்ஷனைவிடப் பெரிய வேலை ஒண்ணு அவங்களுக்கு வந்தது. அதைப் பாக்கப் போயிருக்காங்க. அதுக்கு மேல கேக்காதீங்க. சொன்னாத்தான் ஓட்டுன்னா, எனக்குப் போட வேண்டாம்."

சொல்லிவிட்டு மேடையிலிருந்து இறங்கினேன். தோற்றோம் என்றுதான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஓட்டுப்பதிவு முடிந்து எண்ணினார்கள். மற்ற கட்டடங்களில் நான் நாற்பத்தைந்து ஓட்டு பின்னால் இருந்தேன். மொழித்துறைப் பெட்டியைக் கவிழ்த்தார்கள். சண்முகக்கனி, சண்முகக்கனி, சண்முகக்கனி என்று வந்துகொண்டே இருந்தது. பச்சைக் கட்சி ஏஜெண்ட், "நிக்காதவங்களுக்கு விழுந்த ஓட்டு செல்லாது மிஸ்" என்றாள்.

டெய்சி மிஸ் விதிப் புத்தகத்தைத் திறக்கவேயில்லை. "விதி பதினொண்ணு. முறைப்படி மாற்றம் நடந்திருந்தா, பழைய பேருக்கு விழற ஓட்டு அந்தக் கட்சியோட புது வேட்பாளருக்குச் சேரும். மாற்றம் முறைப்படி நடந்ததா? நடந்தது. நாலு அடிக்கப் பத்து நிமிஷத்துக்கு. எண்ணுங்க."

ஒன்பது ஓட்டில் ஜெயித்தேன்.

பழைய நிலப்பட அறையை எங்களுக்குக் கொடுத்தார்கள். சுவரில் ஏழு கண்டங்களும் தொங்க, முதல் நாள் நாங்கள் அறுபது பேர் பெஞ்சில் உட்கார்ந்து டப்பா திறந்தோம். என் குழம்பு மணந்தது. வைதேகி எழுந்து போகவில்லை. "கொஞ்சம் ஜன்னல் பக்கம் தள்ளி உக்காரேன்டி" என்றாள். நானும் தள்ளி உட்கார்ந்தேன்.

கனி விடுப்பு முடிந்து திரும்பி வந்தபோது அவள் அம்மாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. அந்த அறையில் பெஞ்சின் மேல் ஏறி நின்று, "எனக்குத் தங்கச்சி பொறந்திருக்கா" என்று அவளே அறிவித்தாள். ஒருத்தியும் கேலியாகச் சிரிக்கவில்லை. குழந்தைக்கு என்ன பெயர் வைப்பது என்று அறுபது பேரும் சண்டை போட்டார்கள்.

7

அதிகாரி முழுக்கக் கேட்டார். விண்ணப்பத்தில் நீலக் கட்சிக்கு எதிரே என்னவோ எழுதி, கீழே கோடு போட்டார். இரண்டு மாதத்தில் அனுமதி அட்டை தபாலில் வந்துவிட்டது. ஆனால் அன்று எழுந்து கிளம்பும்போது ஒன்று கேட்டார்.

"விலகின பெண், அந்த வெள்ளிக்கிழமை என்ன செய்துகொண்டிருந்தாள்?"

"தெரியாது, சார்" என்றேன். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது வெட்கமாக இருந்தது. டெலிவிஷனில் புது வேட்பாளரைப் பற்றியே பேசுகிறார்கள், விலகினவர் வீட்டில் என்ன செய்கிறார் என்று ஒருத்தரும் கேட்பதில்லை என்று டாரதி அம்மாளிடம் நானே குறைப்பட்டிருக்கிறேன். நான்கு வருஷமாகக் கனியிடம் நானும் கேட்டதில்லை.

கனி இப்போது அசோக் நகரில் ஒரு பள்ளியில் தமிழ் டீச்சர். எழுதிக் கேட்டேன். நேற்று நீலக் காகிதத்தில் பதில் வந்தது. தங்கை பேசுகிற பேச்சு, பள்ளிக்கூடச் சமாசாரம் எல்லாம் எழுதிவிட்டு, மடிக்கிற ஓரத்தில் இடம் தேடிப் பிடித்து எழுதியிருந்தாள்:

"அன்னிக்கு அம்மா சாப்பிட்டுத் தூங்கினதும் பக்கத்து வீட்டு அத்தையை உட்கார வைத்துவிட்டு, கட்டின புடவையோடு பஸ் ஏறி வந்தேன். மூன்று அடிக்க ஐந்து நிமிஷம். மேஜையில் டெய்சி மிஸ் இருந்தார். என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை, சீட்டைக் கொடுத்தார். சீட்டில் என் பெயர்தான் இருந்தது பிலோ. உன் பெயர் பலகையில்தான் இருந்தது. என் பெயருக்கு நேரே நானே ஒரு குறி போட்டு, உனக்கு ஓட்டுப் போட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிட்டேன். அம்மா முழித்திருக்கவில்லை."